அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த துருக்கிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். இஸ்தான்புல்லுக்கு ஒரு பக்கம், கப்பதோக்கியா பலூனுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார் கட்டுரையாளர். காஸியான்டெப் நகருக்குக் கிடைத்தது நாலே வரி. அதில் மூன்று பக்லாவாவுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு வரியில், சிறு கற்களால் படம் பதித்த பழைய ரோமானியத் தரைகளை வைத்திருக்கும் ஸூக்மா மொசைக் அருங்காட்சியகத்தில் பாதித் தரைகள் உடைந்துதான் கிடக்கின்றன, நேரமிருந்தால் எட்டிப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் வாசகர் ஒருவர், கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலத்தில் உடைந்த இடங்களையெல்லாம் நிரப்பி முழுத் தரையாகக் காட்டக் கூடாதா என்று கேட்டு எழுதியிருந்தார்.

பக்லாவா பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே கிடையாது. அந்த ஊர் பிஸ்தாவின் பச்சை நிறம் நம் கடைகளில் வராது. மற்ற இரண்டு விஷயத்துக்கும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, காரணம் நான் தரை போட்டுப் பிழைத்தவன். கோவையில் மொசைக் தரை ஓகோவென்று ஓடிய காலத்தில் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், மில் முதலாளிகளின் பங்களா என்று எத்தனையோ இடங்களில் வேலை எடுத்துச் செய்திருக்கிறேன். டைல்ஸ் வந்த பிறகு மெஷின்களை விற்றுவிட்டேன். மகனுக்கு நூல் வியாபாரம். காஸியான்டெப் கார்ப்பெட் மில்கள் நிறைந்த ஊர் என்பதால் அவனுக்கு அங்கே போக்குவரத்து உண்டு. போன முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் மில் மில்லாக அலைய, நான் காலையில் அருங்காட்சியகத்துக்குள் போனால் அவன் வந்து கூப்பிடும்வரை வெளியே வரமாட்டேன்.

முதலில் அந்தத் தரைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அது இல்லை. யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த ஊர் ஸூக்மா. கி.மு. 300 வாக்கில் அங்கே நகரம் எழுப்பியவர் செலூகஸ் நிகேட்டர். நம் பள்ளிப் பாடத்தில் சந்திரகுப்த மௌரியரிடம் 500 யானைகளை வாங்கிக்கொண்டு சமாதானம் பேசினாரே, அவரேதான். ஆற்றைக் கடக்க நல்ல இடம் என்பதால் வியாபாரம் பெருகியது. பிறகு ரோமானியர்கள் வந்தார்கள், ஒரு படையணியையே அங்கே நிறுத்தினார்கள். பட்டாளமும் சுங்கமும் இருக்கிற ஊரில் காசு புழங்கும், காசு புழங்கினால் வீடுகளுக்குத் தரை மட்டமாக இருந்தால் போதாது, படமும் வேண்டும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பாரசீக மன்னர் முதலாம் ஷாப்பூரின் படை ஊரைக் கொளுத்தியது. அதன் பிறகு மலைச்சரிவு மண் இறங்கி வீடுகளை மூடிவிட்டது. எரிந்தது பெரும் நஷ்டம்தான், ஆனால் மண் மூடியதால்தான் தரைகள் பிழைத்தன.

அடுத்த ஆபத்து 2000-ஆம் ஆண்டு, யூப்ரடீஸில் கட்டிய பிரெஜிக் அணை ரூபத்தில் வந்தது. நீர் ஏற ஏற ஊரின் கீழ்ப்பகுதி முழுகப் போகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் உலகம் விழித்தது. அமெரிக்காவின் பேக்கார்டு ஹ்யூமானிட்டீஸ் இன்ஸ்டிடியூட் 50 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தக் கோடைக்காலம் முழுக்க, தண்ணீர் மேலே வரவர, ஆட்கள் தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எடுத்ததெல்லாம் இன்று காஸியான்டெப் நகரில், பழைய புகையிலைத் தொழிற்சாலை இருந்த இடத்தில் 2011 செப்டம்பரில் திறந்த கட்டடத்தில் இருக்கிறது. மொசைக் மட்டும் சுமார் 1,700 சதுர மீட்டர். எங்கள் கணக்கில் பதினெட்டாயிரம் சதுர அடிக்கு மேல். அவ்வளவு பரப்பைப் பெயர்த்து, வேறு ஊருக்குக் கொண்டுபோய், கல் உதிராமல் மறுபடி படுக்க வைப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று தரை போட்டவனுக்குத்தான் தெரியும்.

அதை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். தரையின் முகத்தில் பசை தடவித் துணியை ஒட்டிவிடுவார்கள். பிறகு அடியில் உளி கொடுத்துச் சுண்ணாம்புப் படுகையிலிருந்து விடுவிப்பார்கள். துணியோடு சேர்ந்து கற்கள் மேலே வந்துவிடும். குப்புறப் போட்டு, முதுகில் ஒட்டியிருக்கும் பழைய காரையைச் சுரண்டி, புதுப் பலகையில் உட்கார வைத்து, கடைசியில் முகத்துத் துணியை நனைத்து உரிப்பார்கள். அங்கே இந்தப் பராமரிப்பு வேலையில் ரோம் நகரத்து வல்லுநர்கள் முக்கியப் பங்கு எடுத்திருக்கிறார்கள். ரோமானியத் தரையை ரோமாபுரி ஆட்களே வந்து தூக்கியதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

எனக்கு ஒரே குறை, அடிப் படுகையைக் காட்டுவது போதாது. பார்க்க வருகிறவர்கள் தேவதை முகத்தைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். அந்த முகம் பதினெட்டு நூற்றாண்டு தாங்கியது அதற்குக் கீழே இருந்த படுகையால்தான். விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டட நிபுணர் இதற்கு அளவே எழுதி வைத்திருக்கிறார். முதலில் கைமுட்டிக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். அதன் மேல் ஜல்லி மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. பத்துப் பத்துப் பேராக நின்று மரக்கட்டையால் இடித்து, இடித்து முடித்த பிறகும் முக்கால் அடி கனம் நிற்க வேண்டும். அதன் மேல் ஓட்டுத் தூள் மூன்று பங்கும் சுண்ணாம்பு ஒரு பங்குமாக ஆறு விரற்கடைக்குக் குறையாத இன்னொரு படுகை. அதற்கப்புறம்தான் படத்துக்குக் கல் பதிக்க ஆரம்பிப்பது. செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி வேலையைப் பார்த்த நம் பழைய கொத்தனார்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. என் காலத்தில் மேலே அரை அங்குல மொசைக்குக்குக் கீழே ஒழுங்காக ஒரு காங்கிரீட் போடச் சொன்னாலே வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்!

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனம் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விருந்து அறைத் தரைகளைப் பாருங்கள். நடுவில் கடவுள், வீரன், பெண்கள் என்று அமர்க்களப்படும். மூன்று பக்கம் ஓரத்தில் வெறும் வெள்ளையோ, கட்டம் கட்டமாகச் சாதாரணக் கோலமோ இருக்கும். அங்கேதான் சாய்ந்து படுத்துச் சாப்பிடும் கட்டில்களைப் போடுவார்கள். கட்டிலுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? எங்களிடமும் பீரோ வரும் மூலையில் கலர் சிப்ஸ் (நிறக் கற்சில்லு) வேண்டாம், சாதா சிப்ஸ் போடு என்று சொன்ன வீட்டம்மாக்கள் உண்டு. ஒரு தரையில் பின்னல் கரை மூலையில் திரும்பும் இடத்தில், கணக்குச் சரியாக வராமல் ஒரு கண்ணியை நெருக்கிப் போட்டு ஒப்பேற்றியிருந்தான் ஒருவன். முழங்கால் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற பெண் என்னவோ ஏதோ என்று பக்கத்தில் வந்துவிட்டாள்.

கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளுப்பு, கருப்பு, சிவப்பு, காவி, சாம்பல் எல்லாம் அந்த ஆற்றங்கரைக் கற்களே. பளீரென்ற நீலமும் பச்சையும் வேண்டிய இடத்தில் கண்ணாடி. சாயம் கிடையாது. நாங்கள் வெள்ளைச் சிமெண்டில் ஆக்சைடு கலந்து கலர் காட்டிய ஆட்கள், அவர்கள் கல்லும் கண்ணாடியும் காட்டிய நிறத்தை மட்டும் நம்பியவர்கள். பொசைடன், ஓசியானஸ், டெத்திஸ் போன்ற நீர்த் தெய்வங்கள் இருக்கும் பல தரைகள் உண்மையில் முற்றத்து ஆழமில்லாத தொட்டிகளின் அடித்தளம். மேலே தண்ணீர் நின்றிருக்கும். கல்லின் உண்மையான நிறம் ஈரத்தில்தான் தெரியும். சிப்ஸ் வாங்கப் போனால் கை நிறைய அள்ளித் தண்ணீர் தெளித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். இப்போது அந்தத் தரைகள் காய்ந்து கிடக்கின்றன. பார்க்கிறவர் மனதுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போட்ட தரைகளும் உண்டு. சமோசாட்டா ஊர் ஸோசிமோஸ் என்று கிரேக்க எழுத்தில் கல்லாலேயே பெயரைப் பதித்திருக்கிறான் ஒரு கலைஞன். பெண்கள் கூடிச் சாப்பிடும் நாடகக் காட்சி ஒன்று, கடலிலிருந்து வரும் காதல் தெய்வம் அப்ரோடைட் ஒன்று, இரண்டும் அவன் வேலை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் போட்ட எந்தத் தரையிலும் என் பெயர் இல்லை.

இனி ஓட்டைகளுக்கு வருகிறேன். கட்டுரையாளர் உடைந்து கிடக்கிறது என்று எழுதியது பாதிதான் சரி. சில இடங்கள் தானாக உடைந்தவை. சில இடங்கள் திருடர்கள் வெட்டி எடுத்தவை. இரண்டும் வேறு வேறு.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் முதலில் தேடிப் போவது ஜிப்சிப் பெண்ணை. இருட்டாக வைத்த தனி அறை, வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டும், கடைசியில் அந்த முகம் மட்டும் வெளிச்சத்தில். கலைந்த முடி, தலையில் துணி, காதில் வளையம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண் நம்மையே பார்க்கிறது. யார் என்று முடிவாகவில்லை. மது தேவன் டயோனிசஸின் பின்னால் போகும் பெண் என்கிறார்கள், பூமித்தாய் என்கிறார்கள், அலெக்சாண்டர் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. நெற்றி, கண், கன்னம் இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. வாய்ப் பக்கத்திலிருந்து கீழே ஒன்றும் இல்லை. மேலே ஒரு தூண் விழுந்து கிடந்ததால் திருடர்கள் கண்ணில் படவில்லை, அதனால் தப்பியது என்று சொல்கிறார்கள். அந்தத் தரையின் சுற்றுப் பகுதிகள் அப்படித் தப்பவில்லை. 1960-களில் வெட்டி எடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டன. ஒஹையோ மாநிலத்து பௌலிங் கிரீன் பல்கலைக்கழகம் 1965-ல் 12 துண்டுகளை 35,000 டாலருக்கு நியூயார்க்கில் வாங்கியது. துருக்கியின் இன்னொரு பழைய நகரமான அன்டாக்யாவில் கிடைத்தவை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முகமூடிகளும் பறவைகளும் கொண்ட துண்டுகள். பல வருஷம் கழித்து இரண்டு பெண் ஆய்வாளர்கள் ஸூக்மா தரைகளோடு ஒப்பிட்டு உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பல்கலைக்கழகம் 2018-ல் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இன்னொன்று மெட்டியோக்கோஸ், பார்த்தெனோப் என்ற காதலர்களின் தரை. இவர்கள் ஒரு பழைய கிரேக்க நாவலின் நாயகனும் நாயகியும். அந்த நாவலும் முழுசாகக் கிடைக்கவில்லை, துண்டு துக்காணியாகத்தான் இருக்கிறது. 1993-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தோண்டியபோது கரை இருந்தது, நடுவில் இரண்டு உருவங்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மெனில் சேகரிப்பு என்ற அருங்காட்சியகத்தில் பல வருஷமாக இரண்டு மொசைக் உருவங்கள் இருந்தன. அவை இந்த ஓட்டைக்குப் பொருந்தும் என்பதைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் கவனித்தார். 2000-ல் அவை திரும்பி வந்தன.

கம்ப்யூட்டரால் நிரப்பச் சொன்ன வாசகர் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் காதலர்கள் வீடு திரும்பியதற்குக் காரணம் ஓட்டை ஓட்டையாகவே இருந்ததுதான். அதன் ஓரம், அளவு, அறுபட்ட கோலத்தின் வரி எல்லாம் சாட்சி. தரையைக் கண்டுபிடித்த கையோடு யாராவது அழகுக்காகப் புதுக் கல் பதித்து நடுவை மூடியிருந்தால், ஹூஸ்டனில் இருந்த துண்டை எதோடு வைத்துப் பார்ப்பது? புதுக் கல்லைப் பதிக்க ஓரத்தைக் கொத்திச் சீராக்கித்தான் ஆக வேண்டும். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார், பழைய ஓரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒட்டு வேலை செய்ய முடியாது. ஓரம் போனால் சாட்சி போச்சு.

ஒட்டு வேலையைப் பற்றி நான் கொஞ்சம் அதிகாரமாகவே பேசலாம். குழாய் மாற்ற, வயர் இழுக்க என்று மொசைக் தரையைக் கொத்திவிட்டு, தெரியாத மாதிரி மூடிக் கொடு என்று கேட்காத வீடு இல்லை. அதே குவாரி, அதே சைஸ் சிப்ஸ், அதே கம்பெனி சிமெண்ட் போட்டாலும் நிறம் ஒரு பிடி தள்ளித்தான் நிற்கும். மூன்று தரம் மெஷின் ஓட்டி ஆசிட் பாலிஷ் கொடுத்தாலும் காலை வெயில் சாய்வாக விழும்போது ஒட்டு தெரிந்துவிடும். வீட்டில் மனிதர் நடக்க வேண்டும், அதனால் மூடித்தான் ஆக வேண்டும், குறை சொல்ல முடியாது. அருங்காட்சியகத்துத் தரையில் யாரும் நடக்கப் போவதில்லை. பக்கத்தில் போட்ட பாலத்தில் நின்றும், மாடியிலிருந்து குனிந்தும்தான் பார்க்கிறோம். யார் கால் இடறப் போகிறது?

வாசகர் கேட்ட கம்ப்யூட்டர் வேலையும் அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது, கட்டுரையில் அது விட்டுப்போய்விட்டது. டயோனிசஸ், அரியாட்னே திருமணத் தரை என்று ஒன்று. 1992-ல் ஒரு பெரிய வீட்டில் கிடைத்தது. பத்து உருவங்கள் கொண்ட விருந்துக் கூட்டம். கண்டுபிடித்த இடத்திலேயே விட்டு வைத்திருந்தார்கள். 1998-ல் திருடர்கள் வந்து பத்தில் ஆறு உருவங்களை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. மிச்சத்தை அருங்காட்சியகத்தில் வைத்து, காணாமல் போன பகுதியில் பழைய புகைப்படத்தை ஒளியாக விழ வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் விழுந்தால் திருமணம் முழுசாக நடக்கிறது, நின்றால் வெறும் பரப்பு. ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை, ஓரம் அப்படியே இருக்கிறது. நாளைக்கே அந்த ஆறு பேரும் ஏதாவது ஏலத்தில் தலை காட்டினால் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். இதைவிடச் சரியான வேலையை நான் பார்த்ததில்லை.

எனக்கு முன்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியை துருக்கியில் என்னவோ சொல்ல, பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள், போனது யார் இருப்பது யார் என்று. ஜிப்சிப் பெண்ணின் இருட்டறையில் இதே பிள்ளைகள் ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டிருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

சிலைத் திருட்டுச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இதெல்லாம் புரியாத சங்கதி இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து போன நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தாரே, அவரை அடையாளம் காட்டியதில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்களுக்குப் பங்கு உண்டு. யாரோ ஒருவர் கோயிலுக்குள் போய் ஒழுங்காகப் படம் எடுத்து, தேதி எழுதி, பெட்டியில் வைத்திருந்ததன் பலன் அது. திருமணத் தரைக்கும் திருட்டுக்கு முந்தைய படம் இருக்கிறது. இருப்பதை நாலு பேர் பார்த்தால்தான் பலன்.

ஆகவே கட்டுரையாளர் அடுத்த முறை போனால் பக்லாவாவைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுக் காலையிலேயே உள்ளே போகட்டும். கீழ்த்தளத்தில், ஸூக்மாவில் கிடைத்த பொசைடன் வீடும் யூப்ரடீஸ் வீடும் தூணோடும் சுவர் ஓவியத்தோடும் அமைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே சுற்றிவிட்டு, மாடி ஏறி மேலிருந்து ஒரு தரம் பார்த்தால் வீட்டின் அறைகள் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்தன என்பது விளங்கும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு ஜிப்சிப் பெண் படத்தைப் போட்டிருந்தீர்கள். அவள் படத்தை உலகமே போட்டுவிட்டது. ஞாயிறு இணைப்பில் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, 1998-க்கு முன்னால் எடுத்த அந்தத் திருமணத் தரையின் முழுப் படத்தை, காணாமல் போன ஆறு உருவங்களையும் வட்டமிட்டு வெளியிடுங்கள். நம் ஊர் ஆட்கள் ஹூஸ்டனிலும் லண்டனிலும் துபாயிலும் இருக்கிறார்கள். பெரிய வீடுகளுக்கு மராமத்து வேலைக்கும், கண்காட்சிகளுக்குப் பொருள் ஏற்றி இறக்கவும் போகிறவர்கள் அவர்களில் உண்டு. கருப்பு வெள்ளையில் போட்டாலும் பரவாயில்லை, உருவம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
மொசைக் தரை ஒப்பந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.